நேரில் ரெண்டர் கொடுத்தால் வேகம், நெட்வொர்க்கில் ஏவினால் மந்தம்: கார்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் வீடுகளின் முகப்பையும் உட்புறத்தையும் முப்பரிமாணப் படமாகச் செய்து, ஓசூர் கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுக்கிறேன். பயன்படுத்துவது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். என்விடியா கார்டு போட்ட நான்கு விண்டோஸ் கணினிகளை நெட்வொர்க்கில் இணைத்து ரெண்டர் ஃபார்ம் (படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலையைப் பகிர்ந்து செய்யும் கணினிக் கூட்டம்) அமைத்திருக்கிறேன். கணினியின் முன் உட்கார்ந்து ரெண்டர் கொடுத்தால் ஒரு பிரேம் மூன்று நிமிடத்தில் முடிகிறது. அதே கோப்பை நெட்வொர்க் வழியாக ஏவினால் முக்கால் மணி நேரம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. சில பிரேம்களில் சுவரெல்லாம் அடர் இளஞ்சிவப்பாக வருகிறது. நான்கு கார்டுகளும் தேய்ந்துவிட்டன, பெங்களூரிலிருந்து பழைய கார்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

தேய்ந்துபோன கார்டு, நீங்கள் எதிரில் உட்கார்ந்தால் மட்டும் மூன்று நிமிடத்தில் பிரேமை முடித்துத் தராது. நான்கு கார்டுகள் ஒரே நாளில் ஒரே மாதிரி பழுதாவதும் இல்லை. இந்த இரண்டையும் யோசித்திருந்தாலே அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். யோசித்துவிட்டும் சொன்னார் என்றால் அவருடைய அக்கறை உங்கள் ஃபார்மில் இல்லை, கார்டு விற்கும் கமிஷனில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் உண்மையைக் காட்டிக்கொடுப்பது அந்த இளஞ்சிவப்புச் சுவர்தான். பிளெண்டருக்கு டெக்ஸ்சர் படம் (சுவர், தரை மேல் ஒட்டும் படம்) கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அந்த நிறத்தில்தான் நிரப்பும். கல், மரம், டைல்ஸ் படங்களைப் பொதுவான ஒரு கணினியில் வைத்து, 'இசட்' டிரைவ் என்று பெயர் கொடுத்திருப்பீர்கள். நீங்கள் உள்நுழைந்தால் அந்த டிரைவ் தெரிகிறது. ஃபார்ம் வேலை செய்யும்போது தெரிவதில்லை. அப்படியானால் ஃபார்மை இயக்குவது உங்கள் பயனர் கணக்கு அல்ல. நிறுவும்போது 'சர்வீஸாக இயக்கு' (யாரும் உள்நுழையாமலே பின்னணியில் ஓடு) என்ற கட்டத்தில் யாரோ டிக் அடித்திருக்கிறார்கள். விண்டோஸ் அதை 'லோக்கல் சிஸ்டம்' என்ற உள்கணக்கில் ஓட்டுகிறது.

கார்டும் இதே காரணத்தால்தான் சும்மா கிடக்கிறது. பிளெண்டரில் எந்த கார்டைப் பயன்படுத்துவது என்ற டிக், கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. 'பிரிஃபெரன்சஸ்' பகுதியில், 'சிஸ்டம்' என்ற பக்கத்தில், அந்தந்தப் பயனர் கணக்குக்கென்று தனியாகப் பதிவாகிறது. கோப்பில் இருப்பது 'ஜிபியு கம்ப்யூட்' என்ற விருப்பம் மட்டும். சிஸ்டம் கணக்கில் யாரும் பிளெண்டரைத் திறந்து டிக் அடித்ததில்லை. ஆகவே அங்கே கார்டே தேர்வாகவில்லை. பிளெண்டரோ அதை எச்சரித்து நிறுத்தாமல், சத்தமில்லாமல் சிபியுவில் (கணினியின் பொதுச் செயலியில்) வேலையை ஆரம்பித்துவிடும். இது எனக்குத் தீராத ஆத்திரம். கார்டு கிடைக்கவில்லை என்று நிறுத்திச் சொல்லியிருந்தால், மாவட்டத் தலைநகரங்களில் பாதிப் பேர் வேண்டாத கார்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

விண்டோஸும் தன் பங்குக்குச் சுவர் எழுப்பியிருக்கிறது. 2007இல் வந்த விஸ்டா முதல் சர்வீஸ்கள் எல்லாம் திரையோடு தொடர்பில்லாத தனி அமர்வில் ஓடுகின்றன. சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டை அங்கிருந்து நம்பிப் பயன்படுத்த முடியாது. ஆகவே டிக் பிரச்சினையைச் சரிசெய்தாலும் சர்வீஸாகவே விட்டுவைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஒரே ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். 'சர்வீசஸ்' பட்டியலில் ஃபார்ம் மென்பொருளின் சர்வீஸை நிறுத்தி, தானாகத் தொடங்குவதையும் முடக்குங்கள். வழக்கமான உங்கள் கணக்கில் உள்நுழைந்து, பிளெண்டரைத் திறந்து, கார்டுக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே ஃபார்ம் மென்பொருளைச் சாதாரண நிரலாக டெஸ்க்டாப்பிலிருந்து திறந்து, ஒரு பிரேம் ஏவுங்கள். மூன்று நிமிடத்தில் முடிந்தால் நான்கு கார்டும் தப்பின. மற்ற மூன்றிலும் இதையே செய்து, கணினி தொடங்கியதும் உங்கள் கணக்கில் தானாக உள்நுழைந்து நிரல் திறக்கும்படி வையுங்கள். கடவுச்சொல் கேட்காத கணினிகள் என்பதால் அந்த அறைக்குப் பூட்டு அவசியம்.

டெக்ஸ்சர் பாதைகளில் 'இசட்' என்ற எழுத்தை நம்பாதீர்கள். இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, கணினியின் பெயரையும் கோப்புறையின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். எந்தக் கணக்கில் ஓடினாலும் பாதை அப்போது மாறாது. அந்தக் கோப்புறையைத் திறக்கும் அனுமதி மட்டும் இருக்க வேண்டும். பிளெண்டர் பதிப்பு நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் அமைப்புகள் தனித்தனிக் கோப்புறையில் இருப்பதால், ஒன்றில் மட்டும் புதுப் பதிப்பு போட்டால் அங்கே டிக் காணாமல் போகும். பிளெண்டரை ஏவும் கட்டளை எழுதத் தெரிந்தவர் அருகில் இருந்தால், அதன் கடைசியில், என்விடியா கார்டில் கணக்குப் போடும் வழிகளான 'ஆப்டிக்ஸ்' அல்லது 'குடா' என்று டிவைஸைக் குறிப்பிடச் சொல்லுங்கள். டிக்கை எதிர்பார்க்காமலே கார்டு எடுத்துக்கொள்ளப்படும்.

டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது முதலில் காட்டுவது திரை வரையும் வேலையை. ரெண்டர் கணக்கு ஓடும்போதும் அந்த வரைபடம் தரையில் படுத்திருக்கும். உங்கள் பழுது பார்ப்பவர் அதைக் காட்டித்தான் நம்ப வைத்திருப்பார். என்விடியா டிரைவரோடு சேர்ந்தே வரும் 'என்விடியா-எஸ்எம்ஐ' (nvidia-smi) என்ற சிறு நிரலின் பெயரை, கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டில் தட்டச்சு செய்யுங்கள். கார்டின் பெயர், வெப்பநிலை, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எத்தனை சதவீதம் உழைக்கிறது எல்லாம் ஒரு கட்டத்துக்குள் வரும். ரெண்டர் நடக்கையில் சதவீதம் 90க்கு மேல் ஏறி நின்றால் கார்டு உழைக்கிறது.

இதுவரை சொன்னது பிளெண்டரின் 'சைக்கிள்ஸ்' என்ற ரெண்டர் முறைக்கு. நீங்கள் அதன் இன்னொரு வேகமான முறையான 'ஈவி'யில் செய்பவராக இருந்தால் கதை வேறு. அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற வாக்த்ரூ வீடியோ செய்பவர்களில் பலர் நேரம் மிச்சம் என்று ஈவிக்குத் தாவுகிறார்கள். ஈவிக்கு அந்த டிக் ஒரு பொருட்டே அல்ல. கட்டளையில் டிவைஸ் குறிப்பிடுவதும் பயன் தராது. அது பொதுவாகத் திரையை வரையும் கார்டு எதுவோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தால், இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே ரெண்டர் ஓடி, விலை கொடுத்து வாங்கிய கார்டு வேடிக்கை பார்க்கும். மானிட்டரே இல்லாத கணினியில் கார்டு விழித்துக்கொள்ளாமலும் போகலாம். அதற்கு எச்டிஎம்ஐ டம்மி பிளக் என்ற சின்னப் பொருளைக் கார்டின் பின்புறம் செருகினால், மானிட்டர் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். ஒரே கணினியில் இரண்டு கார்டு போட்டிருந்தாலும் ஈவி ஒன்றைத்தான் பயன்படுத்தும். சர்வீஸாக ஓட்டினால் தொடங்காமலே போகலாம். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்து சோதித்தால் முடிவுகள் குழப்பும். நேரில் உட்கார்ந்து பாருங்கள்.

இனி அந்தப் பழைய கார்டு விஷயம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயம், கார்டுகளால் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன. நல்லவையும் இருக்கின்றன. ஆனால் அதற்கும் முன்பிருந்தே ஒரு மோசடி நடக்கிறது: 2010ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஃபெர்மி ரகச் சிப்பின் பயாஸை (கார்டு தன் பெயரைச் சொல்லும் உள்நிரலை) மாற்றி எழுதி, 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்ற பெயரில் விற்பது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் கார்டு சொல்லும் பெயரை அப்படியே நம்பிக் காட்டும். 2019இல் வந்த பிளெண்டர் 2.80 முதல் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு அந்தச் சிப்புகள் உதவாது. 'ஜிபியு-இசட்' என்ற இலவச நிரல் இத்தகைய போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும். விற்பவர் எதிரிலேயே அதை ஓட்டுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருக்கிறதா, ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கோப்பையே அரை மணி நேரம் ரெண்டர் செய்து காட்டச் சொல்லுங்கள். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பில் இல்லாத கார்டு கெட்டால் கேட்க நாதி இல்லை. பில் இருந்தாலே வாரண்டிக்காக நம்மூரிலிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ கூரியர் அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலைதான். இத்தனை தொழிற்சாலைகளும் பொறியியல் கல்லூரிகளும் உள்ள மாவட்டங்களில் ஒரு கார்டைச் சோதித்துச் சொல்ல நம்பகமான இடம் இல்லாததால்தான் இடைத்தரகர் வைத்ததே சட்டமாக இருக்கிறது.

8 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 16 ஜிபி ஆகும் என்றும் சொல்வார்கள். ஆகாது. பொதுவாக ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தன் நினைவகத்தில் ஏற்றியாக வேண்டும்.

சர்வீஸை நிறுத்திச் சோதித்த பிறகும் ஏதாவது ஒரு கணினி மட்டும் மந்தமாக இருந்தால், அதன் கார்டைக் கழற்றி, நன்றாக ஓடும் கணினியில் மாட்டிப் பாருங்கள். மந்தம் கார்டோடு சேர்ந்து இடம் மாறினால் அந்த ஒரு கார்டு சந்தேகத்துக்குரியது. பழைய கணினியிலேயே தங்கினால் டிரைவர், மின்சாரக் கேபிள், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று தேடுங்கள். ரெண்டர் நடக்கும்போது எடுத்த என்விடியா-எஸ்எம்ஐ திரைப் படத்தோடு எழுதினால், அந்த ஒன்றுக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன்.