மொட்டை மாடியில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து ஏலகிரிக்குப் போகிறோம். நண்பரின் தோட்டத்தில் இரண்டு இரவு டென்ட் அடித்துத் தங்க ஏற்பாடு. ஆன்லைனில் பார்த்தால் ஸ்லீப்பிங் பேக், மடக்கு நாற்காலி, கேம்பிங் பாத்திர செட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கூட்டிப் பார்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. வீட்டில் இருப்பதை வைத்து எவ்வளவு சமாளிக்கலாம்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: பெரும்பாலும் சமாளிக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டுதான்: டென்ட், தலையில் மாட்டும் டார்ச். இருட்டில் குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதனால்தான் அந்த டார்ச். டென்ட்டையும் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் வாங்காதீர்கள்.

வாங்குவதானால், '4 பேர்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டி, பையை வெளியே வைத்துவிட்டுப் படுத்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். உங்கள் குடும்பத்துக்கு 6 பேர் டென்ட் பாருங்கள். மழை தாங்குமா என்பதை 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை வைத்து முடிவு செய்யாமல், பக்கத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துணிமேல் எத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அது. மேல்துணிக்கு 1,500, 2,000 இருந்தால் உங்களுக்குப் போதும். எண்ணே போடவில்லை என்றால் அந்த டென்ட் வேண்டாம்.

இனி படுக்கை. இதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சென்னைக்காரருக்கு டிசம்பர் ராத்திரி அங்கே நன்றாகவே நடுக்கும். குளிருக்குப் பயந்து போர்வையாக அடுக்கிக்கொண்டு போகிறார்கள், ஆனால் உடம்புச் சூட்டைப் பெரிதும் உறிஞ்சுவது கீழே இருக்கும் தரை. மேலே ஒன்று போர்த்தினால் கீழே இரண்டு விரியுங்கள். முதலில் யோகா மேட் அல்லது கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம், அதற்கும்மேல் பழைய மெத்தை விரிப்பு. போர்வையை நீளவாக்கில் மடித்து, அடியையும் பக்கத்தையும் ஊக்குப் போட்டு மூடிவிட்டால் பிள்ளைகளுக்கு ஸ்லீப்பிங் பேக் ரெடி. தலையணை சுமக்க வேண்டாம். உறையை மட்டும் எடுத்துப்போய் மறுநாள் துணியை அதில் திணித்துக்கொள்ளலாம்.

டென்ட்டுக்கு அடியில் விரிக்கத் தனியாக ஒரு ஷீட் விற்கிறார்கள். தேவையே இல்லை. நம் ஊரில் ஃபிளக்ஸ் பேனருக்கா பஞ்சம்? கல்யாணம் முடிந்த வீட்டில் ஒன்று கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளை முகம் தரையைப் பார்க்கட்டும், பரவாயில்லை. ஆனால் டென்ட்டின் அடிப்பரப்பைவிட நாலு விரற்கடை சின்னதாக வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் வழிந்து உங்கள் முதுகுக்கு அடியில்தான் வந்து தேங்கும்.

பாத்திரத்துக்கு எவர்சில்வர் தூக்கும் டிபன் கேரியரும் போதும், அடுக்குகளே தட்டாகிவிடும். புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, அவல் இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. துணிப்பைக்குள் பெரிய குப்பைக் கவர் ஒன்றை விரித்துத் துணியை அடுக்கினால் மழையில் நனையாது. பழைய வேட்டி ஒன்று கட்டாயம்: துவட்ட, மறைப்புக் கட்ட, வெயிலுக்குப் பந்தல் போட. கொடிக்கயிறும் கிளிப்பும் மறக்க வேண்டாம். நான் முதல்முறை போனபோது சமையலறையில் பாதியைச் சுமந்துகொண்டு போய், டீத்தூளை வீட்டிலேயே வைத்துவிட்டேன். இரண்டு நாளும் வெறும் பால்தான்.

அதனால் என் யோசனை இதுதான். எதையும் வாங்கும் முன், போன வாரம் வரை வீட்டில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நால்வரும் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி படுங்கள். எதற்காகவெல்லாம் எழுந்து கீழே ஓடுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். உங்கள் பட்டியல் அதுதான்.

கேள்வி: டென்ட் வந்த பிறகு ஒழுகினால் திருப்பித் தர முடியுமா?

பதில்: முடியும், ஆனால் திருப்பி அனுப்பும் நாள் கெடு முடியும் முன் சோதித்துப் பாருங்கள். அதற்கும் மொட்டை மாடிதான். கூடாரத்தை நிறுத்தி, முளை அடிக்க முடியாத இடத்தில் தண்ணீர் நிரப்பிய வாளிகளில் கயிற்றைக் கட்டி, மேலே பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். தையல் ஓரங்களைக் கையால் தடவிப் பார்த்து, கசிந்தால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. மறுத்தால் 1915-ஐ அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். ஒன்று மட்டும்: விடியற்காலையில் உள்பக்கம் ஈரமாக இருப்பது ஒழுகலாக இருக்க வேண்டியதில்லை. நால்வர் விட்ட மூச்சு குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருக்கும். காற்றோட்ட வலையைத் திறந்து வைத்தால் குறையும்.

கேள்வி: 5 கிலோ சிலிண்டரும் அடுப்பும் ரயிலில் கொண்டுபோகலாமா?

பதில்: கூடவே கூடாது. காலியாக இருந்தாலும் வேண்டாம். 2023 ஆகஸ்ட்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாக உள்ளே வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ஜோலார்பேட்டையில் இறங்கிய பிறகு நண்பர் வீட்டு அடுப்பை இரவல் கேளுங்கள். அதையும் டென்ட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள். அந்தத் துணி சட்டென்று உருகிப் பிடிக்கும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். கரி அடுப்புக்கும் கொசுவத்திச் சுருளுக்கும் இதே பதில்தான். கொசுவுக்கு டென்ட்டிலேயே வலை இருக்கிறது, ஜிப்பை மட்டும் பிள்ளைகள் மூடினார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.