பெங்களூர் சுத்தி இருக்க கிராமத்துல போட்டோ எடுக்குறவங்களுக்கு: கேள்வி பதில்

லீவு நாள்ல ஆனேக்கல், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி பக்கம் போன் தூக்கிட்டு கிளம்புற நம்ம ஆளுங்க கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

அண்ணா, சர்ஜாபூர் தாண்டி ஒரு ஊர்ல மரத்தடியில ஒரு கல்லு, வாளோட ஒரு ஆளு செதுக்கியிருக்கு. நேர்ல அழகா இருக்கு, போன்ல எடுத்தா தட்டையா வருது. என்ன கல்லு அது?

நடுகல் தம்பி, இங்க வீரகல்லுன்னு சொல்வாங்க. சண்டையிலயோ மாடு மீட்கப் போயோ செத்தவனுக்கு நட்டது. பெரும்பாலும் மூணு அடுக்கு இருக்கும், கீழ சண்டை, நடுவுல தேவகன்னிங்க அவனை மேல தூக்கிட்டு போறது, உச்சியில லிங்கத்து முன்னாடி உக்காந்திருப்பான், சூரியன் சந்திரனும் இருக்கும், அது இருக்க வரைக்கும் இவன் பேரும் இருக்கணும்னு.

தட்டையா வர்றதுக்கு காரணம் உச்சி வெயில். காலையில இல்ல சாயங்காலம் வெயில் பக்கவாட்டுல விழுறப்ப போங்க. நிழல்லயே இருக்க கல்லுன்னா இருட்டினப்புறம் ஒருத்தர் டார்ச்சை கல்லை ஒட்டி சைடுல இருந்து அடிக்கட்டும், பகல்ல கண்ணுக்கே தெரியாத கோடெல்லாம் எழும்பி வரும். எழுத்து தெரியணும்னு சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீங்க, தயவு செஞ்சு.

அதுல தமிழ் எழுத்து மாதிரி இருக்கே, இருக்குமா?

கண்டிப்பா இருக்கலாம். சோழர் ஆண்ட மண்ணு இது, தொம்மலூர் சொக்கநாதர் கோயில்லயும் மடிவாளா சோமேஸ்வரர் கோயில்லயும் தமிழ் கல்வெட்டு இருக்கு. 1905ல ரைஸ்ங்கிற கல்வெட்டு ஆய்வாளர் கொண்டுவந்த எபிகிராஃபியா கர்னாடிகாங்கிற கல்வெட்டு புத்தக வரிசையோட 9ஆம் தொகுதியில பெங்களூர் ஜில்லா கல்வெட்டெல்லாம் ஊர்வாரியா இருக்கு, ஊர் பேரை வச்சு தேடுங்க. எல்லாமே அதுல ஏறிடுச்சுன்னும் நினைக்காதீங்க, ஹெப்பாள்ல கி.பி. 750 வாக்குல கிட்டய்யாங்கிற வீரனுக்கு நட்ட கல்லு 2018லதான் வெளிய வந்துச்சு. அதனால கல்லை மட்டும் குளோஸ்அப் எடுத்துட்டு வராம, பக்கத்து மரம், வீடு, ரோடு தெரியுற மாதிரி தள்ளி நின்னு ஒண்ணு எடுங்க, லொகேஷன் ஆன்ல இருக்கட்டும். நாளைக்கு லேஅவுட் போட்டு கல்லை நகத்திட்டா அது எங்க நின்னுச்சுன்னு சொல்ல உங்க படம்தான் சாட்சி.

பட்டுப்புழு வளர்க்குற வீட்டுக்குள்ள எடுக்க விடுவாங்களா சார்?

கேட்டா விடுவாங்க, ஆனா கை கால் கழுவிட்டு போங்க, கொசு மருந்து, சிகரெட் வாசம் ஒட்டின சட்டையோட போகவே கூடாது, புழு செத்துடும், அவங்களுக்கு ஒரு மாச உழைப்பு போயிடும். புழு கூடு கட்டுற மூங்கில் தட்டை, சந்திரிகைன்னு சொல்வாங்க, அதை வெளியில சாத்தி வச்சிருந்தா அதோட சுருள் வளையமே அருமையான படம்.

தூக்கணாங்குருவி கூடு பாதியில நிக்குது, பறவை செத்துப்போச்சா?

இல்லம்மா. ஆண் குருவி பாதி கட்டிட்டு பொட்டைக்கு காட்டும், புடிக்கலன்னா விட்டுட்டு அடுத்ததை ஆரம்பிச்சிடும். தூரத்துல இருந்து ஜூம் போட்டு எடுங்க, கிளையை வளைக்காதீங்க.

எந்த கேமரா வாங்கலாம்?

இருக்க போன் போதும். லென்ஸை துடைச்சிட்டு எடுங்க.

அக்கா ஒருத்தங்க: ராகி கதிரை தார் ரோட்டுல பரப்பி, வண்டி ஏறி போக விட்டு அடிக்கிறாங்களே, அந்த பாட்டிங்களை எடுத்தா கோவிச்சுக்குவாங்களா?

கேக்காம எடுத்தா கோவம் வரும்தானேக்கா. "ஒந்து போட்டோ தெகீலா அஜ்ஜி" (ஒரு போட்டோ எடுக்கட்டுமா பாட்டி)ன்னு கன்னடத்துல கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க. நவம்பர் டிசம்பர்லதான் அறுவடை, வண்டியை ஓரங்கட்டி கதிரை மிதிக்காம நில்லுங்க. எடுத்த படத்தை பிரிண்ட் போட்டு அடுத்த தடவை போறப்ப கையில கொடுங்க, வாட்ஸ்அப்ல பேரனுக்கு அனுப்புனா பாட்டி கைக்கு வராது.