ஓட்டுப் போட மனம் வரவில்லை என்ற நண்பருக்கு

பிறந்து வளர்ந்த நாட்டிலேயே “சரி, உண்மையில் எந்த ஊர்?” என்று கேட்கிறார்கள், ஓட்டுப் போடவே மனம் வரவில்லை என்கிறீர்கள். எரிச்சல் நியாயம்தான், எனக்கும் பழகிய கேள்வி. ஆனால் ‘நம்ம இடம்’ என்ற உணர்வு வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. குடியிருப்போர் கூட்டத்துக்கு முதல்முறை போனபோது கதவோரமாக உட்கார்ந்தேன். எரியாத தெருவிளக்குக்கு மனு எழுத ஆள் தேடினார்கள், எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது கூட்டத்தில் யாரும் ஊரைக் கேட்கவில்லை, “மனு என்னாச்சு?” என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம், பிறந்தாலே எல்லா நாட்டிலும் குடியுரிமை கிடைத்துவிடாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கும் சில நாடுகளில் உள்ளாட்சி ஓட்டு உண்டு. சுவீடன் 1976-லேயே கொடுத்துவிட்டது.