நல்ல ஹெச்.எம். போனதுக்கப்புறம் (கடிதமும் பதிலும்)

அக்கா வணக்கம்,

நான் தேனி மாவட்டம். பொண்ணு எங்க ஊர் கவர்மெண்ட் தொடக்கப்பள்ளியில நாலாவது படிக்கிறா. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒரு ஹெச்.எம். இருந்தார், தங்கமான மனுஷன். சொந்தக் காசுல பெயின்ட் அடிச்சார், வீடு வீடா போய் பிள்ளைகள கூட்டிட்டு வந்தார், அட்மிஷன் ஏறுச்சு. அவர் ரிட்டயர் ஆனாரு, எல்லாம் போச்சு. இப்ப 'பொறுப்பு' டீச்சர்தான் பாத்துக்கிறாங்க. பொண்ணுக்கு ஒரு பாரா தட்டாம வாசிக்க வரல. எல்லாத்துக்கும் காரணம் இந்த ஆல் பாஸ்தான். ஃபெயில் போட்டாத்தான் டீச்சருக்கும் பயம் இருக்கும், பிள்ளைக்கும் பயம் இருக்கும். நீங்க மட்டும் ஏன் எப்பவும் ஆல் பாஸுக்கே சப்போர்ட் பண்றீங்க?

(பேர் போட வேணாம் அக்கா, சின்ன ஊரு)

தம்பி,

பதில் லேட்டுதான், கோச்சுக்காதீங்க. ஹெச்.எம். போனதும் எல்லாம் போச்சுன்னு ஆரம்பிச்சீங்க, அத அப்படியே நடுரோட்டுல விட்டுட்டு ஆல் பாஸுக்குத் தாவிட்டீங்க. எனக்கு அந்த விட்ட இடம்தான் உறுத்துது.

மொதல்ல ஆல் பாஸ முடிச்சிடலாம். 2019ல அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வுன்னு இங்க அறிவிச்சாங்க, ஊரே கத்துச்சு, 2020 பிப்ரவரியில வாபஸ் வாங்கினாங்க. 2024 டிசம்பர்ல மத்திய அரசு அதே ரெண்டு வகுப்புலயும் ஃபெயில் போடலாம்னு விதிய மாத்துச்சு, தமிழ்நாடு எங்களுக்கு வேணாம்னுடுச்சு. வேணாம்ங்கறதுதான் என் கட்சியும். வாசிக்க வராத பிள்ளைய அஞ்சாவதுல ஒக்கார வச்சா அதே ரூம், அதே டீச்சர், அதே பாடம் இன்னொரு வருஷம் ஓடும், ரெண்டாந்தடவ மட்டும் எப்படி வாசிப்பு வரும்? இதே பயத்த பெரிய ஸ்கூல்ல வச்சுப் பாத்தாச்சு. பத்தாவதுல நூறு சதவீதம் காட்டணும்னு பிரஷர் வந்தா, ஒன்பதாவதுலயே சுமாரா படிக்கிற பையனோட அப்பாவ கூப்பிட்டு 'டிசி வாங்கிக்கோங்க'ன்னு நைசா பேசுறது நடக்குது. எங்க சொந்தத்துலயே ஒரு பையனுக்கு நடந்துச்சு, எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன். ரிசல்ட் ஏறுச்சு, பையன் பட்டறைக்குப் போயிட்டான்.

சரி, ஹெச்.எம். விஷயத்துக்கு வர்றேன். எங்க மதினி ஒரு ஈராசிரியர் பள்ளியில ஹெச்.எம். ஹெச்.எம்.னா தனி ரூம், சுத்துற நாற்காலி, மணி அடிச்சா பியூன்னு நெனச்சுக்காதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல என்ன கணக்குன்னா தொடக்கப்பள்ளியில 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், 150 தாண்டினாத்தான் பாடம் எடுக்கிறவங்க போக தனியா ஒரு தலைமையாசிரியர். அதனால மதினிதான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு வகுப்புக்கும் ஒரே ரூம்ல பாடம் எடுக்கணும், அதுக்கு நடுவுல காலை உணவு வந்துச்சா, சத்துணவுக்கு எத்தன பேரு, எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு) அட்டெண்டன்ஸ் ஏறுச்சா, சர்வர் சுத்துதா, யாருக்கு ஆதார் இல்ல, யாருக்கு பேங்க் அக்கவுண்ட் தொடங்கல, இதெல்லாம் பாக்கணும். பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல மீட்டிங்னா அன்னைக்கு இன்னொரு டீச்சர் தலையில அஞ்சு வகுப்பும். இதுல எப்ப போய் அடுத்த ரூம் பாடத்த கவனிச்சு, இந்தப் பிள்ளைக்கு ஏன் வாசிப்பு வரலன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசுறது? அந்தப் பேச்சுதான் ஹெச்.எம். வேலையே.

உங்க பழைய ஹெச்.எம். அத எப்படி சமாளிச்சார்? ராத்திரியில, ஞாயித்துக்கிழமையில, சொந்தக் காசுல. பத்திரிகையில நாம கொண்டாடுற எல்லா ஹெச்.எம். கதையும் கிட்டத்தட்ட இதேதான். அவங்கள நான் கொற சொல்லல, கும்பிடுறேன். ஆனா ஒருத்தர் வீட்டு வருமானத்துல ஓடுற முன்னேற்றம் அவர் ரிட்டயர்மெண்டோட சேந்துதானே போகும், அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு.

அப்புறம் அந்த 'பொறுப்பு'ங்கற வார்த்த. உங்க ஊர்ல ஹெச்.எம். எடம் ஏன் காலியா இருக்குன்னு எனக்குத் தெரியாது, ஆனா ஹெச்.எம். பதவி உயர்வுக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வேணுமா வேணாமான்னு வருஷக்கணக்கா கோர்ட்ல இழுபறி. 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் வேணும்னு சொல்லிடுச்சு, பதவி உயர்வுக்கு மட்டும் இல்ல, ரிட்டயராக அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க வேலையில நீடிக்கவே ரெண்டு வருஷத்துல பாஸ் பண்ணணும்னு. தரம் வேணும்ங்கறதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா தொடக்கப்பள்ளிக்கான டெட் தாள்ல என்ன இருக்கு? 150 கேள்வி, குழந்தை வளர்ச்சி, தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சூழ்நிலையியல். ஒரு ஸ்கூல நடத்த, கூட வேலை பாக்குறவர தட்டிக்கொடுத்து வேலை வாங்க, பெத்தவங்ககிட்ட பேச, அதுல ஒரு கேள்வி கிடையாது. பழைய வழி சீனியாரிட்டி, அதுலயும் கிடையாது.

வாசிப்பு வரலன்னு சொன்னீங்கல்ல, 2022ல சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்'னு அரசுத் திட்டம் வந்தப்ப எனக்கு ரொம்ப நம்பிக்கையா இருந்துச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சு, பிள்ளைய அது நிக்கிற எடத்துலேருந்து தொடங்குறது நல்ல யோசனை, நீங்க கேக்குற தரம் உண்மையில அதுதான். ஆனா மதினி சொல்றாங்க, பிள்ளை அரும்புலேருந்து மொட்டுக்குப் போறதுக்குள்ள நான் எல்லாத்தையும் போன் ஆப்புல பதிவு ஏத்தியே ஓஞ்சு போறேன்னு.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழு, எஸ்எம்சி, இருக்குல்ல? சட்டப்படி அதுல முக்கால்வாசி பெத்தவங்க, பாதிப்பேர் பொம்பளைங்க. கூட்டத்துக்குப் போங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. டாய்லெட், காம்பவுண்ட் சுவருன்னு பேசி டீ குடிச்சிட்டு கலையாம, நாலாவதுல எத்தன பிள்ளைக்கு ஒரு பாரா வாசிக்க வருதுன்னு கேளுங்க. பொறுப்பு டீச்சர மெரட்டுற மாதிரி கேக்காதீங்க, பாவம், அவங்க ரெண்டு பேர் வேலைய பாக்குறாங்க. போன மாசம் எத்தன நாள் வகுப்ப விட்டுட்டு வேற வேலைக்குப் போக வேண்டி வந்துச்சுன்னும் சேத்துக் கேளுங்க, ரெண்டு நம்பரையும் தீர்மான நோட்டுல எழுதச் சொல்லுங்க, நிரந்தர ஹெச்.எம். வேணும்னு ஒரு தீர்மானமும் போட்டு பிஇஓவுக்கு அனுப்பச் சொல்லுங்க. அந்த நோட்டு ஸ்கூல்லயே இருக்கும், யார் ரிட்டயர் ஆனாலும்.

பொண்ணுக்கு ராத்திரி ஒரு பக்கம் நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அடுத்த பக்கம் அவ வாசிக்கட்டும். தட்டுனா தட்டட்டும். கூட்டத்துல என்ன நம்பர் சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.