நடந்தால் வலி குறையுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயது. வீட்டிலிருந்தே கணினி வேலை. பள்ளிக்கூடத்து பி.டி. பீரியடோடு ஓட்டமும் ஆட்டமும் நின்றுவிட்டது. மாதவிலக்குக்கு ஐந்தாறு நாள் முன்பே மார்பு கனத்து, வயிறு உப்பி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. முதல் நாள் மாத்திரை போடாமல் எழுந்திருக்க முடியாது. ஏரோபிக்ஸ் செய்தால் சரியாகும் என்கிறாள் தோழி. "வலியோடு எவளாவது குதிப்பாளா, பேசாமல் படுடி" என்கிறார் அம்மா. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்ததாக எழுதியிருந்தீர்கள். யார் சொல்வதைக் கேட்பது? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா பேசுவது முதல் நாளைப் பற்றி. தோழி பேசுவது மாதம் முழுவதையும் பற்றி. இரண்டுக்கும் சண்டையே இல்லை. சுருண்டு படுத்திருப்பவளை எழுப்பிக் குதிக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. பலன் தருவது மற்ற நாட்களில் நடக்கிற நடைதான்.

விலக்கின்போது கருப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையைத் துணி பிழிவதுபோல இறுக்குகிறது. இறுகும்போது தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, அதனால்தான் அந்த வலி. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருள் உருவாவதைத் தடுப்பவை. அதனால் பல்லைக் கடித்துப் பொறுத்து, உச்சத்தில் விழுங்குவதைவிட, ஆரம்பத்திலேயே சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சரி, உடற்பயிற்சி. 2019இல் காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் உலக அமைப்பு) 12 ஆய்வுகளை, மொத்தம் 854 பெண்கள், சேர்த்துப் பார்த்தது. வாரத்தில் மூன்று நாளாவது, 45 முதல் 60 நிமிடம் பயிற்சி செய்தவர்களுக்கு வலியை 100க்கு அளக்கும் அளவுகோலில் சுமார் 25 புள்ளி குறைந்திருந்தது. கடுமையான பயிற்சியா, மெதுவானதா என்பது பெரிய விஷயமாக இல்லை. ஈரானில் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத பெண்களை எட்டு வாரம் ஏரோபிக்ஸ் செய்யவைத்துப் பார்த்தபோது, நீங்கள் சொல்கிற அந்த முன்வாரத் தொல்லைகளும் குறைந்தன. ஆனால் இவை சிறிய ஆய்வுகள். சான்றின் தரம் குறைவு என்று காக்ரேன்காரர்களே எழுதியிருக்கிறார்கள். மருந்தைச் சோதிக்கும்போது சிலருக்குத் தெரியாமல் வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். வெறும் சர்க்கரை நடை என்று ஒன்று கிடையாதே.

நான் 38 வயதில்தான் நடக்க ஆரம்பித்தேன், மொட்டை மாடியில். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை, யோசனை சொன்னவளைத் திட்டினேன். நான்காவது மாதம் கைப்பையில் பழைய மாத்திரை அட்டை அப்படியே கிடந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எரிச்சல் மட்டும் குறையவில்லை. அதற்கு வேறு காரணம் உண்டு என்பார்கள் வீட்டில்.

நீங்கள் எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம் போதும், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். அந்தப் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கினால் சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இன்னொன்று. "நடக்கமாட்டேன் என்கிறாய், அதனால்தான் வலிக்கிறது" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நன்றாக ஓடுகிற பெண்களுக்கும் இந்த வலி வரும். வருடத்துக்கு வருடம் வலி கூடினாலோ, மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ, விலக்கில்லாத நாட்களிலும் உறவின்போதும் வலித்தாலோ எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயாக, இருக்கலாம். அது சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். அப்போது நடையை நம்பி உட்காராமல் மறுபடி மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

இந்த மாதம் முதல் நாள் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அம்மா சொன்னபடி படுங்கள். சூடு நிஜமாகவே வலியைக் குறைக்கும். நான்காம் நாள் செருப்பைத் தேடுங்கள். மூன்று மாதம் கழித்து எழுதுங்கள், குறையவில்லை என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா