யானைக்கு ஒரு துவக்கா?

கேள்வி: அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பது குடிமகனின் உரிமை. இங்கே யானை வேளாண்மையை மிதித்து நாசமாக்கினாலும், ஒரு துவக்கு லைசன்சுக்குக் கச்சேரிக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு மட்டும் தனிமனித உரிமை கிடையாதா?
- ஒரு விவசாயி, வெல்லாவெளி, மட்டக்களப்பு

பதில்: கோபம் நியாயமானது. சாட்சிக்கு அமெரிக்காவைக் கூப்பிட்டீர்களே, அதுதான் வில்லங்கம். 1791இல் வந்த அவர்களுடைய இரண்டாவது திருத்தம் ஒழுங்கான மக்கள் படையைப் பற்றித்தான் பேச்சையே எடுக்கிறது. வீட்டில் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருப்பது தனியாளின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2008இல், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். அந்த உரிமைக்கும் எல்லை உண்டு என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற பிறகும், துவக்கு வாங்குபவனைச் சோதிக்கும் விதியைக்கூட 2013இல் அவர்களுடைய செனற் சபையால் இறுக்க முடியவில்லை. இதையா கேட்கிறீர்கள்?

நமது இலங்கையின் 1978 அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமையே வெளிப்படையாக எழுதப்படவில்லை. அதைக் கேட்க ஆளில்லை, துவக்குக்கு மட்டும் உரிமை வேண்டுமாம்!

மட்டக்களப்பில் துவக்குக்கு எப்போது பஞ்சம் இருந்தது? இயக்கங்களிடம் இருந்தது, படையிடம் இருந்தது, ஊர்காவல் படைக்கும் கொடுத்தார்கள். தற்காப்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளில் செத்தவர்கள் யார் கையிலும் ஆயுதம் இருக்கவில்லை.

சரி, யானைக்கு வருவோம். சொட்கன் சன்னம் யானையை விழுத்தாது. தோலுக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். வலியோடு நொண்டித் திரிகிற அந்த யானை, இரவுக்காவலுக்கு வாடியில் படுத்திருக்கும் உங்கள் மகனுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். போதாதற்கு, யானையைச் சுட்டால் வனசீவராசிகள் சட்டத்தில் மறியலுக்கும் போக நேரும்.

பயிர்க்காவலுக்கென்று துவக்கு லைசன்ஸ் இப்போதும் உண்டு; பன்றிக்கும் குரங்குக்கும் வேண்டுமானால் முறைப்படி விண்ணப்பியுங்கள். யானைக்கு வேண்டியது வேலை செய்கிற மின்வேலி. போட்ட வேலியையே கவனிக்காமல் விட்டால், அடியில் பற்றை வளர்ந்து கம்பியில் முட்டி, மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்புறம் அது மாடு கட்டக்கூட உதவாது. பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு அதிகாரிகள் வருவார்கள். அங்கே அமெரிக்காவை இழுக்காமல், வேலிக்கடியில் பற்றை வெட்டுவது யார், பற்றரி மாற்றுவது யார் என்று கேட்டு, கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுத வையுங்கள்.