வெக்னாவின் கடிகாரமும் படுகளத்து உடுக்கையும்

கேள்வி: 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற ஆங்கிலத் திகில் தொடரின் நாலாவது சீசனை விடுதியில் தோழிகளோடு பார்த்தேன். முந்தைய சீசன் பூதங்களுக்குப் பயப்படாத எங்களுக்கு, இதில் வரும் வெக்னா என்ற பூதத்தைப் பார்த்த பிறகு தூக்கம் போய்விட்டது. ஏனுங்க அப்படி?
(கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: முந்தைய பூதங்கள் பசிக்கு வந்தவை, அம்மணி. ஓடத் தெரிந்தவர் தப்பித்துக்கொள்ளலாம். வெக்னா ஆள் பார்த்து வருகிறான். மனசுக்குள் ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திரிகிற பிள்ளைகளாகப் பொறுக்குகிறான். முதலில் தலைவலி, கெட்ட கனவு, மூக்கில் ரத்தம். அப்புறம் அந்தப் பெரிய கடிகாரம் நாலு முறை அடிக்கும்.

முதல் பலியான கிரிஸ்ஸி ஊரே மெச்சுகிற பெண். பள்ளிக் கழிப்பறையில் தனியாக வாந்தி எடுப்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. சாவதற்கு முன் அவளுக்குத் தெரிகிற காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து அவள் உடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குகிறாள், கொஞ்சிக்கொண்டே. அப்பா நாற்காலியில் இருக்கிறார், கண்ணும் வாயும் தைக்கப்பட்டு. வெக்னாவின் முகத்தை விட அந்த அப்பாதான் என்னை உலுக்கினார். அம்மா பிள்ளையைக் குத்திக் குத்திப் பேசும்போது பேப்பரை விரித்து மறைந்துகொள்கிற அப்பாக்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கல்லறையில் வெக்னா பிடித்துக்கொண்ட மேக்ஸ் என்ற பெண், காதில் ஒரு பாட்டு கேட்டதும் மீண்டு வந்துவிடுகிறாள். இது காதில் பூச்சுற்றும் வேலை இல்லையா?
(பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்)

பதில்: உடுக்கைச் சத்தம் கேட்காத ஊர்க்காரர் இதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். திருப்பூர்க்காரர் கேட்கலாமா, தம்பி?

நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை என்ன? பொன்னரும் சங்கரும் வீரப்பூர்ப் பக்கம் படுகளம் என்கிற போர்க்களத்தில் சாய்கிறார்கள். தங்கை தங்காள் தேடிப் போய் எழுப்புகிறாள். 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாட வைத்துப் பதிவு செய்தார். சீசன், எபிசோடு எல்லாம் நமக்குப் புதிதா என்ன! கோயிலில் அந்தக் கட்டத்தைப் பாடும்போது கூட்டத்தில் சிலர் மரம்போல விழுவார்கள். எங்கள் சின்ன மாமா விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தினார்கள். பாதம் இரண்டும் விறைத்திருந்தன. உடுக்கை வேகம் பிடித்து, தீர்த்தம் தெளித்ததும் எழுந்தார். எழுந்தவர் முதலில் கேட்டது வேட்டியை.

இப்போது மேக்ஸுக்கு வருவோம். அண்ணன் முறையான பில்லி மூன்றாவது சீசனில் கண்ணெதிரே சாகிறான். இவன் தொலைந்தால் தேவலை என்று முன்பு அவள் நினைத்ததுண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியைப் பிடித்துத்தான் வெக்னா உள்ளே வருகிறான். அவளுடைய நண்பன் லூகாஸும் மற்றவர்களும் வாக்மேனில் போட்டுவிடுவது கேட் புஷ் 1985இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்'. 2022இல் சீசன் வெளியானதும் அதே பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது, 37 வருஷம் கழித்து.

எனக்குப் பிடித்தது இரண்டு கதைகளும் பிரிகிற இடம். படுகளத்தில் பாட்டு ஊருக்கே பொது. ஒருவர் தொண்டை கட்டினால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். மேக்ஸின் பாட்டோ அவள் காதுக்குள் மட்டும். அதனால்தான் கடைசி எபிசோடில் கிரிஸ்ஸியின் காதலன் ஜேசன் வந்து மல்லுக்கட்டி வாக்மேனை மிதித்து நொறுக்கியதும் எல்லாம் முடிந்துபோகிறது. மனசாலேயே எதையும் அசைக்கிற சிறுமி லெவன் அவளுடைய இதயத்தைத் திரும்பத் துடிக்க வைக்கிறாள், சரி. ஆனால் கை கால் முறிந்து, பார்வை போய், நினைவில்லாமல் கிடக்கிறாள். தங்காள் எழுப்பிய அண்ணன்மாரும் நிலைத்திருக்கவில்லை. நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி சாய்வதாகத்தான் பாடுகிறார்கள். செத்தவரை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கதை பொய்யாகிவிடும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கேள்வி: போலீஸ்காரர் ஹாப்பர் ரஷ்யச் சிறையில் படும் பாடு தேவைதானா?
(வாசகர், கரூர்)

பதில்: இழுவை. கடைசியில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடி விழ வேண்டும் என்பதற்காக அவரை கம்சட்காவில் உட்கார வைத்திருக்கிறார்கள். கடலை வெண்ணெய் கடத்துகிற யூரி வரும்போது மட்டும் நான் டீ போட எழுந்திருக்கவில்லை.

கேள்வி: எடியை ஏன் சாகடித்தார்கள்? மனசே ஆறவில்லை.
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: எனக்கும்தான். கிரிஸ்ஸி சாகும்போது பயந்து ஓடியவன் எடி. அந்த வெட்கம் அவனை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வௌவால் கூட்டத்துக்கு எதிரே ஓடாமல் நிற்கிறான். ஊரோ அவனைச் சாத்தானைக் கும்பிடுகிறவன் என்று முடிவு கட்டிவிட்டது. அவன் ஆடுகிற, பகடை உருட்டி விளையாடும் ஒரு கதை விளையாட்டுக்காக 1980களின் அமெரிக்காவில் நிஜமாகவே அப்படிப் பழி கிளம்பியது. நீளமுடி, சத்தமான கிடார், மட்டமான வீடு, இது போதுமே ஊருக்கு. அவன் செத்த பிறகும் பேர் துலங்கவில்லை. உண்மை தெரிந்த நண்பன் டஸ்டின் அவனுடைய சங்கிலியை மாமாவிடம் கொடுக்கிறான். அந்த ஒரு மனுஷனுக்காவது தெரிந்ததே. கடைசியில் எடியைக் கொண்டாட வைத்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை.

கேள்வி: ஏழாவது படிக்கிற பையன் கேட்டு அடம் பிடிக்கிறான். காட்டலாமா?
(வாசகர், தாராபுரம்)

பதில்: இந்த சீசன் வேண்டாங்க. முதல் எபிசோடு முடிகிறபோதே எலும்பு முறிகிற சத்தம் வருகிறது. முதல் சீசனைப் போடுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். போனை அந்தப் பக்கம் வைத்துவிட்டு.